கை தட்டிட்டு இறங்கோணும்

நீச்சல் குளத்துல பன்னெண்டு மணிக்கா பொம்பளைங்களுக்கு நேரம் ஒதுக்குவாங்க? காலைல ஆம்பளைங்களுக்கு, பொழுது சாயக் குழந்தைங்களுக்கு, யாருக்கும் வேண்டாம்னு மிச்சம் கெடக்கிற உச்சி வெயில் நேரம் பொம்பளைங்களுக்கு. இந்த அடுக்குமாடி அசோசியேசன் செயலாளர்கிட்ட நானே போய்க் கேட்டேன், ஏனுங்க, பன்னெண்டுல இருந்து ஒண்ணு வரைக்கும் தண்ணில என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமாங்கன்னு. குளோரின் இருக்கும் மேடம்னாரு. சிரிக்கக்கூட இல்லை மனுசன். எங்கூர்ப் பக்கம் நாலு வயசுக் குழந்தையக் கேட்டாக்கூடச் சொல்லும், உச்சி நேரத்துத் தண்ணி கன்னிமாருக்குச் சொந்தம்னு. ஏழு பேரு. அக்கா தங்கச்சிங்க. கல்யாணம் ஆகாதவங்க, வயசும் ஆகாதவங்க. வெயில் நடுமண்டைக்கு நேரா வர்றப்ப எங்கிருந்தோ வந்து குளிப்பாங்க. அந்நேரத்துல தண்ணிக்குப் போயே ஆகோணும்னா, கரை மேல நின்னு மூணு தடவை கை தட்டோணும். தட்டிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கோணும். அவங்க சேலையச் சுத்திக்கிட்டு அவங்க வழியில போயிருவாங்க. அப்பறம்தான் நாம இறங்கறது. தட்டினா அவங்க ஏதாச்சும் பதில் சொல்லுவாங்களான்னு எங்கய்யன்கிட்டக் கேட்டேன் சின்னப் புள்ளையில. எங்க பக்கம் அப்பாவை அய்யன்னுதான் கூப்பிடறது. பதிலெல்லாம் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லைன்னாரு அய்யன். இதையெல்லாம் செயலாளர்கிட்டச் சொன்னா, பி பிளாக் மயிலாத்தாளுக்கு மண்டை கழண்டு போச்சும்பாரு. அவரு பெரிய படிப்புப் படிச்சவரு, சாமி பூதமெல்லாம் ஆகாது. ஆனா குளத்துக் கேட்டுல எலுமிச்சங்காயும் பச்ச மொளகாயும் கோத்துக் கட்டி வச்சிருக்கறது அவரேதான். வெள்ளிக்கெழமை ஆனா மறக்காம மாத்திடுவாரு.

சேரு சுடுது. துண்டை மடிச்சுப் போட்டு உக்காந்தும் சுடுது. ரெண்டு வாரமா இதே வெள்ளைப் பிளாஸ்டிக் சேரு, இதே எடம், குளத்துக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு முழம் டைல்ஸ். மயிலக்கா, இன்னைக்காவது இறங்குவீங்களா மாட்டீங்களான்னு கேக்கறா நேத்ரா. மேல் வீட்டுப் பொண்ணு, வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை, மத்தியானச் சோத்து நேரத்துல ஓடியாந்து ஒரு முழுக்குப் போட்டுட்டு ஓடிருவா. இறங்கறேன் கண்ணு, சித்தெ இரு. சித்தெ இரு சித்தெ இருன்னே ரெண்டு வாரம் ஓட்டிட்டேன். இந்த உடுப்பு வாங்கிக் கொடுத்ததும் அவதான். நைட்டியோட இறங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்களே. முழுக்கை, காலு முட்டிக்குக் கீழ வரைக்கும், கரும்பச்சை. மொத நாள் போட்டுக்கிட்டு ரூமை விட்டு வெளிய வர்றேன், எங்க வீட்டுக்காரரு பேப்பரை எறக்கி மேலயும் கீழயும் பார்த்தாரு. ஏம்புள்ள, கெணத்துல நாம தவளை வளத்தோமான்னாரு. அட உங்க வாய்ல வசம்பை வச்சுத் தேய்க்க. ஆயுசு முழுக்கப் பம்பு செட் கம்பெனில வேலை பார்த்த மனுசன், தண்ணியத் தூக்கிக் கொடுக்கறதே தொழிலு. அவருக்குப் பொண்டாட்டியா வாய்ச்சவ தண்ணில கால் வைக்கக் கூடாதவ. சிரிக்காம என்ன செய்வாரு. ஆனா முட்டி டாக்டரம்மா சிரிக்கலை. ரெண்டு முட்டியும் தேஞ்சு போயிருக்குதுங்க, தினமும் நெஞ்சளவு தண்ணிக்குள்ள நடங்க, ஆறு மாசம் பார்க்கலாம், கேக்கலீன்னா ஆபரேசன்தான்னு சொல்லிருச்சு. நடங்கன்னு சொல்றதுக்கு அந்தம்மாவுக்கு என்ன? சீட்டுல எழுதிட்டாப் போதும். எங்கய்யன் கொடுத்த வாக்கை யாரு திருப்பி வாங்கறது?

அன்னைக்கு என் கை ரெண்டும் சும்மா இருந்திருந்தா இத்தனை வம்பும் இல்லை. பத்து வயசு. பள்ளிக்கூடம் மத்தியானம் விட்டாச்சு. குட்டைக்கரையோரம் எலந்த மரம், பழம் சிந்திக் கெடக்குது. பாவாடை முந்தியத் தூக்கிப் புடிச்சு மடி நெறையப் பொறுக்கிட்டேன். குட்டைக்கரை மேலதான் கன்னிமார் கல்லு ஏழும் இருக்கும், மஞ்சத் தேச்சு வரிசையா நட்டு வச்சிருப்பாங்க. அந்த எடத்துக்கு வந்தா தட்டோணும்னு தெரியும். நல்லாத் தெரியும். ஆனா பாவாடையை விட்டாத்தானே தட்ட முடியும்? விட்டா அத்தனை பழமும் மண்ணுக்குப் போயிரும். சரி, வாயில தட்டறமாதிரி சத்தம் போட்டுக்கலாம்னு டொக்கு டொக்குன்னு நாக்கால தட்டினேன் பாரு, அது ஒரு புத்தி. எட்டிப் பார்த்தா தண்ணில பொம்பளைங்க. கூந்தலை விரிச்சுப் போட்டுக்கிட்டு, ஒருத்தி மேல ஒருத்தி தண்ணிய வாரி எறைச்சுக்கிட்டு, அப்படி ஒரு சிரிப்பு. எனக்குப் பயமே வரலை. சத்தியமா வரலை. நம்மளையும் சேத்துக்குவாங்களான்னுதான் தோணுச்சு. அதுல ஒருத்தி என்னைப் பார்த்துட்டா. பார்த்துக் கையைத் தூக்கினா. இங்கதான் எனக்குச் சிக்கிக்குது, எப்பவும் இங்கதான். வான்னு கூப்பிட்டாளா, வராதேன்னு தடுத்தாளா? உள்ளங்கை என்னைப் பார்த்து இருந்துச்சா, தண்ணியப் பார்த்து இருந்துச்சா? நானும் எத்தனையோ தடவை கண்ணை மூடிப் பார்த்துட்டேன். கை தெரியுது, கண்ணாடி வளையல் தெரியுது, வளையல்ல இருந்து சொட்டற தண்ணி தெரியுது, உள்ளங்கை மட்டும் தெரிய மாட்டேங்குது. சோத்துக்கு அரிசி களையறப்ப, பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்திருக்கறப்ப, திடீர்னு அந்தக் கை வந்து நிக்கும். நானும் என் கையைத் தூக்கி இப்படிப் பார்ப்பேன், அப்படிப் பார்ப்பேன். டாட்டா காட்டறேன்னு நெனச்சு எதுத்த சீட்டுக் குழந்தைங்க திருப்பிக் காட்டும்.

அப்பறம் ஒண்ணும் நெனப்பில்லை. காய்ச்சல். வாயில கஷாயம். தலமாட்டுல அய்யன். புள்ளையக் கன்னிமாரு புடிச்சுக்கிச்சுன்னு ஊரே பேசுச்சு. அய்யன் நேரா அந்த ஏழு கல்லுக்கு முன்னால போயி நின்னு கற்பூரத்தைக் கையில அடிச்சுச் சொன்னாராம், இவ உசுரு எனக்கு, தண்ணி உங்களுக்கு, இனி இவ உங்க தண்ணில கால் வைக்க மாட்டா, விட்ருங்க தாயின்னு. விட்டுட்டாங்க. நானும் கால் வைக்கலை. பவானி கூடுதுறைல எல்லாரும் முங்கறப்ப எனக்கு மட்டும் சொம்புல மோந்து தலைல ஊத்துவாங்க. கல்யாணமான புதுசுல குத்தாலம் போனோம். ஊர் ஒலகமெல்லாம் அருவிக்கு அடியில நிக்குது, நான் பாறை மேல உக்காந்து எங்க ஒறம்பரை சொந்தபந்தம் பூராத்தோட துணிப்பையும் செருப்பும் காவல் காத்தேன். கடலுக்குப் போனா ஈர மணல் வரைக்கும். அதுக்கு மேல ஒரு எட்டு வச்சா யாரோ கெண்டைக்காலைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்காரருகூட இதுல கிண்டல் பண்ணினதில்லை, அதையும் சொல்லோணும். பையப் புடிச்சுக்கிட்டு என் பக்கத்துல அவரும் உக்காந்திருப்பாரு. நீங்க போய்க் குளிங்கன்னாக்கூட எனக்குச் சளி புடிச்சிருக்குதும்பாரு. இத்தனை வருசமா எங்க போனாலும் அவருக்குச் சளி. நெனச்சாச் சிரிப்பு வருது, கண்ணும் கலங்குது. எனக்கு ஒரு கொறையும் இல்லை. பொண்ணு பெங்களூர்ல நல்லா இருக்கறா. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, சண்டைக்கும் பஞ்சமில்லை. ராத்திரி படுத்தாத் தூக்கம் வருது. தண்ணி ஒண்ணுதான். அது ஒண்ணு மட்டும் இந்தப் பொறப்புல எனக்கில்லைன்னு ஒதுக்கி வச்சுட்டேன். ஒதுக்கி வச்சதைக் கொண்டாந்து டாக்டரம்மா மறுபடி நடு வீட்டுல வச்சுட்டா.

அதுக்குத்தான் பூக் கேக்கப் போனோம். அய்யன் போய்ச் சேந்தாச்சு, கொடுத்த வாக்கை அவரு வந்து எடுக்க முடியாது, அப்ப சாமியத்தானே கேக்கோணும். எங்க பக்கம் எந்தக் காரியம்னாலும் பூக் கேட்டுத்தான். வெள்ளை அரளி ஒண்ணு, செவப்பு அரளி ஒண்ணு, தனித்தனியா எலையில பொட்டலம் கட்டிச் சாமி முன்னால போட்டு, ஒரு சின்னப் புள்ளைய விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்றது. வெள்ளை வந்தா சாமி சரிங்குது. செவப்பு வந்தா வேண்டாங்குது. ஏழு கல்லுக்கும் வளையல் வச்சு, ரவிக்கைத் துணி வச்சு, மஞ்ச குங்குமம் வச்சுக் கும்பிட்டேன். ஒரு புள்ளை வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கைல கொடுத்துச்சு. பூசாரி நூலைப் பிரிக்கறாரு. செவப்பா இருந்துட்டா? இருந்துட்டா என்ன, இத்தனை வருசம் இருந்த மாதிரி இருந்துட்டுப் போறோம்னுதானே போனேன்? இல்லை போலிருக்குது. வெடுக்குனு அவரு கையில இருந்து புடுங்கி என் பையில போட்டுக்கிட்டேன். ஏனுங்கம்மிணி, இங்கயே பிரிக்கோணுங்க, வீட்டுக்குக் கொண்டு போற வழக்கமில்லீங்கங்கறாரு பூசாரி. நான் பொறவு பாத்துக்கறேனுங்கன்னேன். சரி, மிச்சத்தைப் பிரிச்சாத் தெரிஞ்சிட்டுப் போவுதுன்னு அடுத்த பொட்டலத்தை எடுக்கறாரு. அவரு கையப் புடிச்சுக்கிட்டேன். பூசாரி கையப் புடிச்ச மொதப் பொம்பளை அந்த ஊர்லயே நானாத்தான் இருப்பேன். மனுசனுக்குக் கோவம் வந்து மிச்சப் பொட்டலத்தைத் தூக்கிக் குட்டை முள்ளுக்குள்ள வீசிட்டாரு. எங்க வீட்டுக்காரரு கார்ல ஏறி உக்காந்து வவுத்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. மூணு வாரம் ஆச்சு. பொட்டலம் இன்னும் பையிலதான் கெடக்குது, உள் ஜிப்புக்குள்ள, கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்துல. கண்ணாடி எடுக்கற போதெல்லாம் வெரல்ல தட்டுப்படுது.

அக்கா, தண்ணி எப்படி இருக்குது தெரியுமாங்கறா நேத்ரா. பார்க்கறேன். அடியில நீல டைல்ஸ், அது மேல வெயில் வலை மாதிரி ஆடுது. ஆறு பேரு. நேத்ரா, எதுத்த பிளாக் பிளாரன்ஸ் டீச்சரு, மூணாம் மாடி அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, புதுசாக் கல்யாணமாகி வந்த பொண்ணு ஒண்ணு, மருந்துக்கடைக்கார அம்மா. நான் இறங்கினா ஏழு. இதை எண்ணாம இருக்கோணும்னுதான் பார்க்கறேன், எண்ணாம இருக்க முடியலை. மொத நாள் இந்தக் குளத்தைச் சும்மா பார்க்கலாம்னு வந்தப்பக்கூட என்னையறியாம மூணு தட்டுத் தட்டிட்டேன். கொசுங்களாக்கான்னா நேத்ரா. ஆமாங்கண்ணு, கொசுன்னுட்டேன். ஆனா அவளும் லேசுப்பட்டவ இல்லை. போன்ல பதினொண்ணு பதினொண்ணுன்னு மணி தெரிஞ்சாக் கண்ணை மூடி வேண்டிக்குவா, தேவதைங்க அனுப்பற சேதியாம். அவ பொண்ணுக்குப் பல்லு விழுந்தப்ப, தலகாணிக்கடியில வச்சா ராத்திரி பல் தேவதை வந்து எடுத்துக்கிட்டு அழிரப்பர் வச்சுட்டுப் போகும்னு சொல்லிக் கொடுத்திருக்கறா. நாங்கெல்லாம் கூரை மேல வீசினோம். பத்தாவது மாடில கூரைக்கு எங்க போறது, அதுவும் சரிதான். பிளாரன்ஸ் டீச்சரு பெரிய பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிட்டையர் ஆனவங்க, பஸ்ஸுல ஏறினா சீட்டுல ஓரமா ஒரு சாண் எடம் விட்டுத்தான் உக்காருவாங்க. காவல் சம்மனசுக்காம், ஆளுக்கு ஒண்ணு கூடவே வர்ற தேவதையாம். கண்டக்டர் தள்ளி உக்காருங்கம்மான்னா, ஆள் இருக்குதுப்பாம்பாங்க. இவங்களை எல்லாம் கூட்டி வச்சுக்கிட்டு எனக்கு மட்டும் என்ன வெக்கம்? வெக்கமில்லை, பயம்தான். இது ஒண்ணும் அவங்க தண்ணி இல்லை, லாரித் தண்ணி, மருந்து போட்ட தண்ணின்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன். அதுலயும் மண்ணைப் போட்டாரு சென்னியப்பன். அவருதான் இந்தக் குளத்துக்கு மருந்து போட்டுக் கழுவறவரு, ஒரு மணிக்குப் பொம்பளைங்க போன பின்னால வாளியோட வருவாரு. பேச்சுக் கொடுத்தா எங்கூர்ப் பக்கத்து ஊருதான். இந்த லாரித் தண்ணி எங்கிருந்துங்க வருதுன்னு கேட்டேன். எல்லாம் நம்ம பக்கத்துக் கெணத்துத் தண்ணிதானுங்கோ, உங்கூரு குட்டைக்குக் கெழக்கால இருக்குதே, அந்தத் தோட்டத்துலதான் லாரிக்காரன் புடிக்கறான்னாரு. அட கெரகமே. அப்ப அவங்க தண்ணியேதான். குட்டையில இப்ப பொட்டுத் தண்ணி கெடையாது, நான் பார்த்தேனே, முள்ளுதான் மொளைச்சுக் கெடக்குது. தண்ணி லாரி ஏறி இங்க வந்துருச்சுன்னா அவங்க எங்க போவாங்க? அவங்களும் எங்காச்சும் குளிக்கோணுமில்ல? ஒருவேளை அவங்களும் பின்னாலயே வந்திருப்பாங்களோ? உச்சி நேரத்துல குளம் காலியாத்தானே கெடந்துச்சு, எங்களுக்கு ஒதுக்கற வரைக்கும். குளோரின் கண்ணு எரியும். அந்தக் காலத்துக் கூந்தலுக்கெல்லாம் ஆகாது, பொசுக்குனு கொட்டிப் போயிரும். அதுக்கும் ஒரு வெசனம் எனக்கு.

பிளாரன்ஸ் டீச்சரு திடீர்னு நின்னுட்டாங்க. தண்ணி மேல ஒரு தும்பி விழுந்து கெடக்குது. றெக்கை ரெண்டும் ஒட்டிப் போயி, காலை மட்டும் ஆட்டுது. உள்ளங்கையில தண்ணியோட ஏந்தி, கையை மெல்ல மேல கொண்டாந்து, என் காலுக்குப் பக்கத்துல டைல்ஸ் மேல வச்சாங்க. பொழைச்சுப் போன்னாங்க. அதும்பாட்டுக்குக் கெடக்குது. ஈரம் காயுது. ஒரு றெக்கை பிரியுது. நான் அதையே பார்த்துக்கிட்டிருக்கேன். அய்யன் என்னைக் குட்டைக்குள்ள இருந்து தூக்கலை. இதை அய்யனே நூறு தடவை சொல்லியிருக்காரு, எருமையப் புடிச்சுக் கட்டப் போனேன், நீ கன்னிமார் கல்லு பக்கத்துல, கரை மேல கெடந்த, சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடந்தன்னு. எலந்தப் பழம்கூட மடியிலயே இருந்துச்சாம், பாவாடை முந்தி இடுப்புல சொருகி முடிச்சுப் போட்டிருந்துச்சாம். நான் முடிச்சுப் போடலை. புடிச்சுத்தானே இருந்தேன்? கரை மேல யாரு கொண்டாந்து வச்சது? அட, இத்தனை வருசமா ஒருத்தராச்சும் இதைக் கேட்டோமா? புடிச்சுக்கிச்சு புடிச்சுக்கிச்சுன்னு ஊரே பேசுச்சே. புடிச்சுக்கறவங்க கரை மேல கொண்டாந்து போடுவாங்களா? பழத்தை முடிஞ்சு வைப்பாங்களா? எங்க வீட்டுக்காரரு சொல்றாப்புல அவங்க பருத்தி எடுத்துட்டுக் குளிக்க வந்த பொம்பளைங்களாவே இருக்கட்டும், பழி வந்துருமோன்னு சொல்லாமப் போயிருக்கட்டும். இல்லை, அந்த ஏழு பேராவே இருக்கட்டும். யாரா இருந்தா என்ன? என்னைத் தூக்கின கைதானே அது. வான்னாளோ வராதேன்னாளோ, கடைசில அந்தக் கைதான் என்னைத் தூக்கி வச்சிருக்குது. அய்யா, எங்கய்யா, நீ பாட்டுக்குப் போய் வாக்குக் கொடுத்துட்டு வந்துட்டியே, அவங்க கேட்டாங்களா? பொழைக்க வச்சவங்ககிட்டப் போயி விட்ருங்க விட்ருங்கன்னு கெஞ்சியிருக்கற. பாவம், பயத்துல உனக்குத் தலைகால் புரிஞ்சிருக்காது. எனக்கும்தான் இத்தனை நாளாப் புரியலை.

பையத் தொறக்கறேன். உள் ஜிப்பு. பொட்டலம் காஞ்சு மொறுமொறுன்னு இருக்குது, நூலு இத்துப் போச்சு. செவப்பா இருந்தா என்ன பண்றது? தும்பியப் பார்த்த தைரியம் பையத் தொறக்கற வரைக்கும்தான் இருந்துச்சு. பிரிக்கறேன். எலை ஒடையுது. உள்ள கறுப்பா, சுண்டிப் போயி, புளியங்கொட்டைத் தோலாட்டம் என்னமோ ஒண்ணு. கண்ணாடியப் போட்டுப் பார்க்கறேன். வெயிலுக்கு நேராத் தூக்கிப் பார்க்கறேன். வெள்ளையா இருந்ததா, செவப்பா இருந்ததா, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். மூணு வாரம் கைப்பைக்குள்ள கெடந்து அழுகிக் காஞ்சு ரெண்டுமில்லாமப் போச்சு. அடி மயிலாத்தா, பூசாரி கையில இருந்து புடுங்கினியே, நல்லா வேணும் உனக்கு. ஒரு பக்கம் அழுகை முட்டுது, ஒரு பக்கம் சிரிப்பு. சிரிப்புத்தான் ஜெயிச்சுது. என்னக்கா தனியாச் சிரிக்கறீங்கன்னா நேத்ரா. சாமி நீயே முடிவு பண்ணிக்கோன்னுட்டாங்க கண்ணுன்னேன். அவளுக்கு ஒண்ணும் வெளங்கலை. எலையை மடிச்சுச் சேரு மேல வச்சேன். துண்டை எடுத்தேன். குளத்தோரம் போயி நின்னு, இந்தத் தடவை நல்லாக் கேக்கற மாதிரி, ரெண்டு கையையும் ஓங்கி மூணு தட்டு. கையில எலந்தப் பழம் ஒண்ணும் இல்லை. ஆறு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டேன், வழக்கம் வழக்கம்தானே. கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பின்பக்கமாவே மொதப் படில கால் வச்சேன்.

ஐயோ, ஜில்லுனு. உள்ளங்கால்ல இருந்து நேரா மண்டைக்கு ஏறுது. ரெண்டாவது படி, கெண்டைக்காலு. இங்கதான் புடிச்சு இழுப்பாங்க. நிக்கறேன். யாரும் இழுக்கலை. தண்ணிதான் சுத்தி வந்து புடிச்சுக்குது, நம்ம பொண்ணு சின்னதுல காலைக் கட்டிக்குமே அந்த மாதிரி. முட்டி. ஏய், முட்டி வலிக்கலை! இடுப்பு. மூச்சு முட்டுது, வாயைத் தொறந்து வாங்கறேன். வாங்கக்கா, வாங்கன்னு நேத்ரா கையை நீட்டறா. ஈரக் கை, சொட்டுது. உள்ளங்கை எந்தப் பக்கம் இருக்குதுன்னு நான் பார்க்கலை, புடிச்சுக்கிட்டேன். நெஞ்சளவு. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. என் ஒடம்பு என்னோடதா இதுன்னு இருக்குது, கனமே இல்லை. அடிப் பாவிங்களா, இதையா எனக்குத் தராம வச்சிருந்தாங்க. இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி நடந்தேன், அங்கிருந்து இங்க நடந்தேன். மூணாம் மாடி அக்கா என் மேல தண்ணிய எறைச்சா, நான் திருப்பி எறைச்சேன், பிளாரன்ஸ் டீச்சர் மூக்குக் கண்ணாடில போய் விழுந்துச்சு. ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிஞ்ச சிரிப்பு. கேட்டுப் பல வருசமாச்சு, ஆனா தெரிஞ்சது. நாளைக்கு வீட்டுக்காரரை இட்டுக்கிட்டுக் குத்தாலத்துக்குப் போகோணும். உங்களுக்கு இன்னமும் சளியான்னு கேக்கோணும். மணி ஒண்ணாச்சுன்னு யாருமே பார்க்கலை. என்னால நேரமாயிருச்சு இன்னைக்கு, வழக்கமா இந்நேரத்துக்கு எல்லாரும் ஏறி வீடு போய்ச் சேந்திருப்பாங்க.

கேட்டுக்கு வெளிய, பச்சைத் துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வாளி வைக்கற சத்தம். அப்பறம் கை தட்டற சத்தம். ஒண்ணு. ரெண்டு. மூணு. நான் அப்படியே நின்னுட்டேன். சென்னியப்பன். துணிக்கு அடியில அவரு காலு தெரியுது. குதிங்காலு இந்தப் பக்கம், வெரலு அந்தப் பக்கம். முதுகைக் காட்டி நிக்கறாரு. யாரது, எதுக்குக் கை தட்டறாங்கன்னு புதுப் பொண்ணு கேக்குது. மருந்து போடற அண்ணன்தான், நாம போயாச்சான்னு கேக்கறாரு போலிருக்குதுங்கறா நேத்ரா. யாராச்சும் பதில் சொல்லுங்களேன்ங்கறாங்க பிளாரன்ஸ் டீச்சரு. எல்லாரும் என்னையப் பார்க்கறாங்க, எனக்குத்தான் அவரோட பேச்சுப் பழக்கம். நான் தாடை நனையற வரைக்கும் தண்ணிக்குள்ள எறங்கிக்கிட்டேன். வாயைத் தொறக்கலை. கை தட்டினாப் பதில் சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்லை.